காத்திருக்க இயலாதவனின் விலை
விசுவமடுவை முன்வைத்து ஒரு விமர்சனம்

விலை ஏறும்பொழுதும் இறங்கும்பொழுதும் சமூகம் முதலிலே தேடுவது ஒரு குற்றவாளியை. இத்தேடல் மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும் பட்டினப்பாலை, கொள்ளும்பொழுது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்பொழுது குறைவாகக் கொடாமலும் இருந்த அவர்தம் நேர்மையைச் சிறப்பிக்கின்றது. திருக்குறள் வாணிகத்தின் அறத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்துப் பேசுகின்றது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இன்னும் ஒரு படி சென்று, உள்நாட்டுப் பண்டத்துக்கு நூற்றுக்கு 5, பிறநாட்டுப் பண்டத்துக்கு நூற்றுக்கு 10 என இலாபத்தை வரையறுத்து, கூடிச் சதிசெய்து விலையைத் திரிக்கும் வணிகருக்கு 1,000 பணம் தண்டம் விதிக்கின்றது. இம்மூன்றுக்கும் பொதுவான நோக்கு ஒன்றுண்டு. விலைச் சூழ்ச்சி என்பது தனிமனிதனின் ஒழுக்கக்கேடு. அறவுரையாலோ தண்டத்தாலோ அதனைத் திருத்திவிடலாம் என்பதே அது.

நவீன இலக்கியமும் பெரும்பாலும் இந்நோக்கிலிருந்து விலகவில்லை. வன்னிக் கிராமங்களின் சுரண்டலைத் துணிவுடன் எடுத்துக்காட்டிய செங்கை ஆழியானின் 'காட்டாறு' 1977இல் வெளிவந்தது. நாவல் என்னும் வடிவத்துக்குரிய இயல்பினால் அதிலே சுரண்டல் மாந்தர் வழியாகவே புலப்படுகின்றது. அது கலையின் தேவை, குறையன்று. ஆயின், அரசின் கொள்கையும் ஒரு நாவல் போலத் தீயவன் ஒருவனைத் தேடிப் புறப்படுமாயின் அது குறையேயாகும். விலைச் சூழ்ச்சியின் வேர் எவனுடைய பேராசையிலும் பார்க்க, காத்திருக்க வல்லவனுக்கும் காத்திருக்க இயலாதவனுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்விலேயே ஆழமாக ஊன்றியுள்ளது. விசுவமடுவின் அரைநூற்றாண்டு அனுபவம் இதற்குச் சான்றாகும்.

விசுவமடு பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அமைந்த ஒரு விவசாயக் குடியிருப்பு. காடு வெட்டி, குளத்து நீரை நம்பி, இளைஞர் குடியேற்றத் திட்டத்தின் வழியாக வளர்ந்த ஊர் அது. 1970ஆம் ஆண்டுக்கும் 1977ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபொழுது, வன்னியின் மேட்டுநிலப் பயிர்களுக்கு முன்னெப்பொழுதும் இல்லாத விலை கிடைத்தது. வேலையற்ற படித்த வாலிபர் மண்வெட்டியைக் கையிலெடுத்து நிமிர்ந்த காலம் என அது இன்றும் நினைவுகூரப்படுகின்றது.

அக்காலத்தைப் பொற்காலம் எனப் பாராட்டுவோர் இரண்டு உண்மைகளை மறந்துவிடுவதுண்டு. முதலாவது, அவ்விலை சந்தையில் இயல்பாகத் தோன்றியதன்று. அரசு இறக்குமதிக் கதவை மூடியதனாலே தோன்றியது. இரண்டாவது, அதே அரசே நெல்லும் அரிசியும் இடம்விட்டு இடம் கொண்டுசெல்லப்படுவதைக் கட்டுப்படுத்தியது; வீதித் தடைகளும் சோதனைகளும் கள்ளச்சந்தையைப் பெருக்கின. மிளகாய் விவசாயி பெற்ற ஆதாயத்தை நெல் விவசாயி பெறவில்லை. 1977இல் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கிடைத்த அந்த அரணும் தளர்ந்தது. கதவை மூடியவரும் திறந்தவரும் கொழும்பிலிருந்தனர். தோட்டத்திலே காய் சிவந்து நின்ற வேளையில் விலை என்னவாகும் என்பதை அறியும் வழி விசுவமடுவில் எவருக்கும் இருக்கவில்லை.

போர்க்காலம் இவ்வேற்றத்தாழ்வை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. 1990இலிருந்து எரிபொருள், உரம், மின்கலம், சீமெந்து முதலியன வன்னிக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. வீதி மூடியிருந்த காலத்தில் உள்ளே வரும் பொருளின் விலை ஏறியது. வெளியே போகமுடியாத விளைபொருளின் விலை வீழ்ந்தது. ஒரே வேலி ஒரே குடும்பத்தை வாங்குவோராகவும் விற்போராகவும் இருமுறை தண்டித்தது. 2009இன் தொடக்கத்தில் விசுவமடு மக்கள் ஊரைவிட்டு முற்றாக இடம்பெயர்ந்தனர். மீள்குடியேறியவர்கள் நெல், கச்சான், மிளகாய், மரக்கறி என மீண்டும் பயிரிட்டபொழுது, நிலம் இருந்தது. சேமிப்பும் களஞ்சியமும் உலர்களமும் இருக்கவில்லை. விலைச் சூழ்ச்சி நுழையும் வாயில் இதுவே.

சந்தையில் விலை திரிக்கப்படும் முறைகளை இவ்விடத்து வகுத்து நோக்குதல் தகும்.

முதலாவது, காலத்தின் வழியாக நிகழ்வது. காலபோக நெல் வன்னியெங்கும் ஏறத்தாழ ஒரே சில வாரங்களுக்குள் அறுவடையாகின்றது. உழவு இயந்திரக் கூலி, உரக்கடன், அடகுவைத்த நகை யாவும் அதே வாரங்களிலேயே கழுத்தை நெரிக்கின்றன. இந்நிலையில் வாங்குவோர் கூடிச் சதிசெய்யவேண்டிய தேவைகூட இல்லை. சில நாள் வாங்காமலிருந்தாற் போதும். மழை இருண்டு வருமாயின் அதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவது, தராசின் வழியாக நிகழ்வது. வடபகுதி மரக்கறிச் சந்தைகளில் நெடுங்காலமாக நிலவிவந்த நூற்றுக்குப் பத்துக் கழிவு இதற்கு எடுத்துக்காட்டு. 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுவரும் விவசாயிக்கு 90 கிலோவுக்கே பணம் எண்ணப்படும். கிலோ 100 ரூபா எனப் பலகையில் எழுதப்பட்டால், அவனுக்குக் கிடைக்கும் உண்மை விலை 90 ரூபாவே. இக்கழிவை ஒழிக்கவேண்டும் என்னும் கோரிக்கை பலமுறை எழுந்துள்ளது. இதிலுள்ள பெருந்தீமை பணநட்டம் மட்டுமன்று. புள்ளிவிவரத்தில் பதிவாவது 100 ரூபா. எனவே சூழ்ச்சியைக் கண்டறியப் பயன்படவேண்டிய ஆவணமே சூழ்ச்சியை மறைக்கும் திரையாகின்றது.

மூன்றாவது, கடனின் வழியாக நிகழ்வது. விதையும் உரமும் மருந்தும் கடனாகக் கொடுத்த வியாபாரியே விளைவையும் வாங்குவானாயின் அங்கே சந்தை என ஒன்று இல்லை. பொருளியலார் வாங்குவோர் தனியுரிமை என்பதன் கிராமிய வடிவம் இது. விலை பேசப்படுவது அறுவடையின்போதன்று, கடன் வாங்கிய அன்றே.

நான்காவது, தூரத்தின் வழியாக நிகழ்வது. 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி விலையைத் தீர்மானிக்கும் இடமாக வளர்ந்தது. செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளின் சொல்லே விலை. வன்னி விளைபொருள் அங்கு சென்று, விலை சூடி, மீண்டும் வடக்கே வருவதும் உண்டு. வவுனியாவில் ஒரு பொருளாதார மத்திய நிலையம் அமைக்க முடிவு செய்யப்பட்டபொழுது, அது ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா அமையவேண்டும் என்னும் சர்ச்சையிலே 2016ஆம் ஆண்டின் பெரும்பகுதி கழிந்தது. பின்னர் கட்டிமுடிக்கப்பட்ட கட்டடமும் பல ஆண்டுகள் திறக்கப்படாமற் கிடந்தது. இதற்குப் பொறுப்பை வேற்றூர் வியாபாரியின் தலையில் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது.

சூழ்ச்சி என்றதும் விலையேற்றத்தையே எண்ணும் வழக்கமும் திருத்தத்துக்குரியது. 1955இல் சிக்காகோ வெங்காயச் சந்தையில் இருவர் பெருந்தொகை வெங்காயத்தைக் கைப்பற்றினர். பின்னர், விலை வீழ்ந்தால் தமக்கு ஆதாயம் வரும்படி ஒப்பந்தங்களைச் செய்துகொண்டு இருப்பைச் சந்தையிற் கொட்டினர். 1955 ஓகஸ்டில் 2.75 டொலராக இருந்த 50 இறாத்தல் மூட்டை, 1956 மார்ச்சில் 10 சதத்துக்கு இறங்கியது. வெங்காயத்திலும் பார்க்க வெற்றுச் சாக்கு விலை கூடியது. விவசாயிகளின் கொதிப்பினால் 1958இல் வெங்காயத்தின் முன்பேர வர்த்தகத்தையே அமெரிக்கா சட்டத்தால் தடைசெய்தது. அங்கே அழிந்தவன் நுகர்வோனல்லன், பயிரிட்டவன். விலை வீழ்ச்சியைச் சூழ்ச்சியாகக் காணாத சட்டம் விசுவமடுவுக்குப் பயன்படாது.

இவ்விடத்து ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். தானிய வியாபாரியின் மீதான மக்களின் அச்சத்தைச் சூனியக்காரிகள் மீதான அச்சத்துக்கு ஒப்பிட்டார் ஆதாம் சிமித். அறுவடையின்போது வாங்கி வைத்துப் பஞ்ச காலத்தில் விற்பவன், தன்னையறியாமலே சமூகத்துக்கு உணவைப் பங்கிட்டு உதவுகின்றான் என்பது 1776இல் வெளிவந்த அவரது நூலின் வாதம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. சேமித்துவைப்பவன் இல்லாவிடின் மாசியில் நெல் மலிந்து ஐப்பசியில் அருகிவிடும். விலையேற்றம் அனைத்தும் பதுக்கலால் வருவதன்று. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் விளைச்சல் உண்மையாகவே வீழ்ந்தது. அந்நியச் செலாவணி உண்மையாகவே வற்றியது. அவ்வேளையில் வியாபாரியை மட்டும் குற்றவாளியாக்குவது ஆட்சியாளருக்கு வசதியான தப்பும் வழியாயிற்று.

ஆயின் சிமித்தின் வாதத்துக்கு ஓர் அடித்தளமுண்டு. தானியத்தை வைத்திருப்போர் எண்ணற்றோர், நாடெங்கும் சிதறியிருப்போர், ஆகவே அவர்கள் ஒன்றுகூடிச் சதிசெய்தல் இயலாது என்பதே அது. இலங்கையின் அரிசிச் சந்தையில் அவ்வடித்தளம் இல்லை. விற்போர் பல இலட்சம். பெருமளவில் வாங்கி அரைத்து இருப்பு வைக்க வல்லோர் மிகச் சிலர். 2021 செப்ரெம்பர் இறுதியில் அரிசியின் உச்ச சில்லறை விலையை அரசு நீக்கியதும், பெரிய ஆலை உரிமையாளர் ஒன்றுசேர்ந்து தாமே புதிய விலைகளை அறிவித்தனர். நிறைபோட்டியுள்ள சந்தையில் விற்போர் கூடி விலை அறிவிக்கும் காட்சியைக் காணமுடியாது. சிமித்தின் முடிவை ஏற்போர் அவரது முன்நிபந்தனையையும் ஏற்றேயாகவேண்டும்.

எனவே உண்மையான அருமையையும் சூழ்ச்சியையும் பிரித்தறிவது எவ்வாறு? மூன்று சோதனைகள் இதற்கு உதவும்.

ஒன்று, செலவு இறங்கும்போது விலையும் இறங்குகின்றதா என்பது. 2020 ஒக்ரோபர் 13இல் சீனி மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. 49 ரூபா 75 சதம் குறைந்த வரி, அதே அளவு குறைந்த விலையாக நுகர்வோனைச் சென்றடையவில்லை. அரசு இழந்த வருமானம் ஏறத்தாழ 1,600 கோடி ரூபா. வரி ஏறினால் மறுநாளே ஏறும் விலை, வரி இறங்கும்போது இறங்க மறுக்குமாயின் அங்கே போட்டி இல்லை என்பது தெளிவு. அறவீட்டு மாற்றத்தை முன்னரே ஊகிக்க வல்லவனுக்கு வர்த்தமானியே மூலதனமாகின்றது என்பதும் இங்கே மனங்கொள்ளத்தக்கது.

இரண்டு, தட்டுப்பாடு நிலவும் வேளையில் இருப்பு எங்கே உள்ளது என்பது. 2021 ஓகஸ்ட் இறுதியில் அவசரகால ஒழுங்குவிதிகள் பிறப்பிக்கப்பட்டுக் களஞ்சியங்கள் சோதனையிடப்பட்டபொழுது, கடைகளில் அருகிப்போன சீனி அங்கே இருந்தது. ஆயின் அதனை அறிய ஓர் அவசரகாலம் தேவைப்பட்டது என்பதே விமர்சனத்துக்குரியது. இருப்பு விவரம் மாதந்தோறும் வெளியாகும் நாட்டில் கதவை உடைக்கவேண்டிய தேவை எழாது.

மூன்று, கழிவுக்கும் காரணத்துக்கும் பொருத்தமுண்டா என்பது. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது. அது 14 வீத ஈரப்பதமுள்ள உலர்நெல்லுக்கு உரியது. 20 வீத ஈரப்பதமுள்ள 100 கிலோ நெல் 14 வீதத்துக்கு உலர்ந்தால் ஏறத்தாழ 93 கிலோவாகும். அஃதாவது அந்த ஈரநெல்லின் நியாய விலை 111 ரூபாவுக்குச் சற்று மேல். அதிலிருந்து உலர்த்தும் செலவைக் கழிக்கலாம். அதற்கும் கீழே கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாவும் ஈரத்தின் விலையன்று, விற்பவன் காத்திருக்க இயலாமையின் விலை. இக்கணக்கு பத்தாம் வகுப்பு மாணவனாலும் செய்யக்கூடியது. நெல் அடுக்கிய இடத்திலே இதனைச் செய்ய ஈரமானியும் நியாயமான தராசும் இருந்தாற் போதும்.

இதே முறையிலே அரிசியின் விலையையும் சோதிக்கலாம். 100 கிலோ நெல்லிலிருந்து ஏறத்தாழ 65 கிலோ அரிசி பெறலாம் எனக் கொண்டால், 120 ரூபா நெல்லிலுள்ள நெற்செலவு அரிசிக் கிலோவுக்கு 185 ரூபா. 2024 டிசெம்பரில் நாட்டரிசிக்கு விதிக்கப்பட்ட உச்ச விலை மொத்தமாக 225, சில்லறையாக 230 ரூபா. 120 ரூபாவுக்கு வாங்கும் ஆலைக்கு 40 ரூபாவும் தவிட்டின் வருமானமும் எஞ்சுகின்றன. அவை அரைப்புக்கும் வட்டிக்கும் போக்குவரத்துக்கும் ஈடாகுமா என விவாதிக்கலாம். ஆயின் அடிமாட்டு விலைக்கு வாங்கிய நெல்லுக்கு இடைவெளி எவ்வளவு என்பதை எவரும் கேட்பதில்லை. சில்லறை விற்பவன் 5 ரூபாவுக்குள் வாழ்கின்றான். சோதனைக்கு வரும் அதிகாரி முதலிலே ஏறுவதோ அவனுடைய கடைப்படியில்.

சட்டத்தின் குறை இங்கேதான் வெளிப்படுகின்றது. 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் தனியுரிமைகளையும் நிறுவன இணைப்புகளையும் ஆராயும் அதிகாரத்தைத் தந்திருந்தது. அதனை நீக்கிப் பிறந்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் போட்டிக்கு எதிரான செயல்களை விசாரிக்க இடமளித்தபோதிலும், தனியுரிமையையும் இணைப்பையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் தொடரவில்லை. 2021இல் நிறைவேறிய திருத்தம் உச்ச விலையை மீறுவோருக்கான தண்டப்பணத்தைப் பன்மடங்காக்கியது. இதனால் சட்டம் கடுமையடைந்தது. ஆயின் அதன் பார்வை கடையின் விலைச்சீட்டைத் தாண்டிக் களஞ்சியத்தின் கதவை எட்டவில்லை. அர்த்தசாத்திரத்தின் 1,000 பணம் இன்று இலட்சங்களாக வளர்ந்துள்ளது; நோக்கு வளரவில்லை.

தடுக்கும் வழிகள் காத்திருக்கும் வலிமையை விவசாயிக்கு வழங்குவனவாக அமையவேண்டும். உத்தரவாத விலை 1948இலிருந்து இந்நாட்டிலுண்டு. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கான சட்டம் வந்தது. குறை விலையிலன்று, நேரத்திலே உள்ளது. 2025இலும் அறுவடை தொடங்கிய பின்னரே விலை அறிவிக்கப்பட்டது. விதைப்பதற்கு முன்பு அறிவிக்கப்படும் விலை விவசாயிக்குப் பாதுகாப்பு. அறுவடையின் நடுவில் அறிவிக்கப்படும் விலை ஏற்கெனவே விற்றுவிட்டவனுக்கு ஏளனம். அடுத்து, ஊருக்கு ஓர் உலர்களமும் கூட்டுறவுக் களஞ்சியமும், அங்கே வைத்த நெல்லைப் பிணையாகக்கொண்டு வங்கிக் கடன் பெறும் ஏற்பாடும் வேண்டும். களஞ்சியப் பற்றுச்சீட்டை மாற்றத்தக்க ஆவணமாக்கும் சட்டத்தை இந்தியா 2007இலேயே இயற்றியது. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய உழவர் சந்தைகள் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கும் எளிய வழக்கத்தால் விவசாயிக்கு ஓரளவு தைரியம் அளித்தன. இலங்கையில் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் சந்தை விலைகளைத் தொடர்ந்து வெளியிடுகின்றது. அவ்விலையோடு தோட்டத்தடி விலையும், கழிவு நீங்கிய உண்மை எடையும் பதியப்படுமாயின் இடைவெளி தானே பேசும்.

கூட்டுறவு என்றதும் அது தோற்றுவிட்டது என்னும் விடை ஆயத்தமாகவுள்ளது. அதில் உண்மையுமுண்டு, முகாமையின் சீர்கேடும் அரசியற் தலையீடும் பல சங்கங்களை அழித்தன. ஆயின் தனியாரிடம் விட்ட சந்தையும் விசுவமடு விவசாயிக்கு வெற்றியாகவில்லை. கதவை மூடிய 1970கள் அவனை ஒரு கொள்கையின் பயனாளியாக்கின. கதவைத் திறந்த 1977 அவனை அதே கொள்கையின் பலியாக்கியது. போர் அவனிடமிருந்த அனைத்தையும் பறித்தது. இம்மூன்று காலத்திலும் மாறாத ஒன்றுண்டு. தன் விளைவைத் தன் கையில் மூன்று மாதம் வைத்திருக்கும் வசதி அவனுக்கு ஒருபொழுதும் வாய்க்கவில்லை.

நேர்மையான வணிகரைப் பாடிய புலவர் தம் காலத்துக்கு உரிய பணியைச் செய்தனர். இக்காலத்தின் விமர்சனம் செய்யவேண்டிய பணி வேறு. வணிகன் நல்லவனா தீயவனா என்னும் வினாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அறுவடை நாளிலே வீதியோரத்தில் நெல்லைக் காயவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கின்றதா எனக் கேட்கவேண்டும். அவ்வுரிமை இல்லாத இடத்தில், எத்துணை நேர்மையான வணிகன் வந்தாலும், விலை ஒருபக்கச் சாய்வாகவே எழுதப்படும்.